கண்ணில் கீறல் விழுந்தால்: முதல் பத்து நிமிடமும் அடுத்த இரண்டு நாட்களும்

கண்ணின் கறுப்புப் பகுதிக்கு மேலே, கைக்கடிகாரத்தின் முகத்தை மூடியிருக்கும் கண்ணாடியைப் போல, தெளிவான படலம் ஒன்று இருக்கிறது. டொக்டர்மார் கோர்னியா என்பார்கள். இங்கே கருவிழிப் படலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றரை ஒட்டியது. அதிலும் மேல்தோல் பத்தில் ஒரு பங்குதான். கண்ணில் கீறல் என்று சொல்வது பெரும்பாலும் இந்த மேல்தோல் உரிந்து போவதைத்தான். இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லாத இடம் அது. ஆனால் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக நிறைந்திருப்பதால், நகம் பட்ட சின்னக் கீறலுக்கே ஆளைக் கதிரையில் இருக்கவிடாத வலி வரும்.

சாதாரணக் கீறல் தானாக ஆறிவிடும். ஓரத்தில் இருக்கும் நல்ல செல்கள் சில மணித்தியாலங்களிலேயே நகர்ந்து வந்து வெற்றிடத்தை மூடத் தொடங்கும். சின்னக் கீறல் ஒன்றிரண்டு நாளில் மூடும், பெரியது நாலைந்து நாள் எடுக்கும். மேல்தோலோடு நின்ற கீறல் தழும்பும் வைக்காது. கண் கெட்டுப்போவது பெரும்பாலும் கீறலால் அல்ல. அந்த இரண்டு நாளில் கண்ணைக் கசக்குவது, பாமசியில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு துளியை விடுவது, கைமருந்து வைப்பது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயத்தை வீட்டில் வைத்துப் பார்ப்பது, இவற்றால்தான். எதைச் செய்யக்கூடாது என்பதற்கு இந்த வழிகாட்டியில் கூடுதல் இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

முதலில், இது வெறும் கீறல்தானா?

சுத்தியலால் ஆணியையோ உளியையோ அடிக்கும்போது, கிரைண்டரில் இரும்பு வெட்டும்போது, மெசினால் புல் வெட்டும்போது "டக்" என்று ஏதோ வந்து கண்ணில் பட்டதா? அப்படியானால் அதைக் கீறல் என்று எடுத்துக்கொள்ளவே வேண்டாம். வேகமாக வரும் இரும்புத் துணுக்கு படலத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். துளை அவ்வளவு சிறியது என்பதால் வலி குறைவாகவும் இருக்கலாம், பார்வையும் அன்றைக்கு நன்றாகவே இருக்கலாம். வலி குறைவு என்று நம்பி விட்டுவிடுவதுதான் இதில் ஆபத்து. உள்ளே தங்கிய இரும்பு நாள்பட விழித்திரையையே கெடுக்கும்.

கறுப்பின் நடுவிலுள்ள கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டுத் துளி போல இருந்தாலோ, படலத்துக்குப் பின்னால் அடியில் இரத்தம் தேங்கி நின்றாலோ, வெள்ளையில் கறுப்பாக ஏதாவது துருத்திக்கொண்டு தெரிந்தாலோ, பார்வை திடீரென்று மிகவும் மங்கினாலோ அதுவும் இதே வகைதான். இந்த நிலையில் கண்ணைக் கழுவக்கூடாது, துளி, களிம்பு எதுவும் கூடாது, அழுத்தவே கூடாது. குத்தி நிற்பதை இழுத்து எடுக்கவும் கூடாது. கடதாசிக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் தங்கும்படி வைத்துப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். கோப்பை கண்ணைத் தொடாமல் நிற்கவேண்டும். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இரசாயனம் பட்டால் நேர் எதிரான முறை. வெற்றிலைச் சுண்ணாம்பு, சீமெந்து, பெற்றரி அசிற், கழிவுக்குழாய் அடைப்பு நீக்கும் திரவம், செட்டியார் தெரு நகைப் பட்டறைகளில் புழங்கும் அமிலம், இவற்றில் எது பட்டாலும் முதலில் தண்ணீர், அதற்குப் பிறகுதான் ஓட்டோ. கிட்ட இருக்கும் பைப்பைத் திறந்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, முப்பது நிமிடம் விடாமல் கழுவுங்கள். சுண்ணாம்பும் சீமெந்தும் அமிலத்தைவிட மோசமானவை. அமிலம் மேலே பொசுக்கிப் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இமைக்குள் சுண்ணாம்புக் கட்டி ஒட்டியிருந்தால் நனைத்த துணியின் நுனியால் துடைத்து எடுத்துவிட்டுத் தொடர்ந்து கழுவவேண்டும். கட்டி உள்ளே இருக்கும்வரை எரித்துக்கொண்டேயிருக்கும்.

கொச்சிக்காய் பட்ட கையால் கண்ணைத் தொட்டுவிட்டால் எரிச்சல் பெரிதாக இருந்தாலும் கழுவினால் போதும். எரிச்சல் தாங்காமல் கசக்கி, அதனால் கீறலை உண்டாக்கிக்கொள்வதுதான் அங்கே நடக்கும் கெடுதல்.

கீறலின் அடையாளங்கள்

ஏதோ பட்ட நேரம் உங்களுக்குத் தெரியும்: பிள்ளையின் நகம், விளக்குமாற்றின் ஈர்க்கு, புத்தகத் தாளின் ஓரம், மரக்கிளை, காலிமுகத்திடல் காற்றில் வந்த மணல், ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடும்போது அடித்த தூசி. உடனே கூரான வலி. பிறகு கண்ணுக்குள் மணல் கிடப்பதாக ஓர் உணர்வு, ஒவ்வொரு இமைப்புக்கும் அது உரசும். கண்ணீர் ஓடும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, இமை தானாக இறுக மூடிக்கொள்ளும். வெள்ளை சிவக்கும். கீறல் நடுவில் இருந்தால் பார்வை கொஞ்சம் மங்கும்.

மணல் கிடப்பது போல இருந்தால் மணல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. துணுக்கு வெளியே போய்விட்டாலும் உரிந்த இடம் அதே உணர்வைத்தான் கொடுக்கும். "இன்னும் உள்ளே இருக்கிறது" என்று மீண்டும் மீண்டும் தோண்டுபவர்கள் கீறலைத்தான் பெரிதாக்குகிறார்கள்.

கைப்பேசி வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே அடிக்காமல், காதுப் பக்கமிருந்து சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நல்ல படலத்தில் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு கூர்மையான புள்ளியாகத் தெரியும். உரிந்த இடத்தில் அந்தப் புள்ளி சிதறி மங்கும். கீறல் தனியாக வெறுங்கண்ணுக்குத் தெரிவது அருமை. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யவேண்டாம். அதே நேரத்தில் இரண்டு கண்மணிகளும் வட்டமாக, ஒரே அளவாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பார்வையை அளக்கச் சுவரிலுள்ள கலண்டர் போதும். மூன்று மீற்றர் தள்ளி நின்று, நல்ல கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மறைத்து, கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொண்டு, எந்த அளவு எழுத்துவரை வாசிக்க முடிகிறது என்று பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால் வாசியுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். நாளைக்கு அதே இடத்தில் நின்று பார்க்கும்போது கூடியதா குறைந்ததா என்று ஊகிக்கத் தேவையில்லை.

வெல்டிங் வேலை செய்தவர்களுக்கு வேறொரு படம். பகலில் முகமூடி இல்லாமல் ஒட்டியிருப்பார்கள், அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, பெரும்பாலும் நடுச்சாமத்தில், இரண்டு கண்ணும் ஒன்றாக எரிந்து கண்ணீர் கொட்டும். புற ஊதாக்கதிர் மேல்தோலைப் பொசுக்கியதால் வருவது அது. கவனிப்பு முறை கீறலுக்குப் போலத்தான்; ஒன்றிரண்டு நாளில் ஆறும்.

முதல் பத்து நிமிடம்

1. கையைக் கட்டுங்கள். பிள்ளை என்றால் அதன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கசக்கினால் இமைக்கும் படலத்துக்கும் இடையில் மாட்டிய துகள் அரம் போல அராவும்.

2. கொன்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி உலர்த்திவிட்டுக் கழற்றுங்கள். லென்ஸை எறியாமல் அதன் பெட்டியில் வையுங்கள். தொற்று வந்தால் கிருமி எது என்று பார்க்க அது உதவும்.

3. கழுவுங்கள். பாமசியில் கிடைக்கும் 0.9 சதவீத சேலைன் போத்தல் நல்லது. இல்லையென்றால் கொதித்தாறிய தண்ணீர் அல்லது மூடி திறக்காத குடிநீர்ப் போத்தல். கொழும்பின் பைப்புத் தண்ணீர் அவசரத்துக்குப் பரவாயில்லை, கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உப்புக் கரைத்து வீட்டில் சேலைன் செய்யவும் வேண்டாம், அளவு தவறினால் எரியும். காயப்பட்ட கண் கீழே வரும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊற்றவேண்டும். இடையிடையே இமைக்கச் சொல்லி, அரை லீற்றர் முடியும்வரை ஊற்றுங்கள்.

4. இன்னும் உரசினால் மேலிமையின் மயிரைப் பிடித்து இமையை முன்னால் இழுத்து, கீழிமையின் மேல் வைத்து விடுங்கள். கீழிமை மயிர் மேலிமையின் உட்பக்கத்தைத் துடைத்து, அங்கே ஒட்டியிருக்கும் தூசியைக் கீழே கொண்டுவரும். இரண்டு மூன்று தடவை போதும்.

5. கீழிமையிலோ வெள்ளையிலோ தூசி கண்ணுக்குத் தெரிந்தால், நனைத்த சுத்தமான துணியின் நுனியால் தொட்டு எடுக்கலாம். கறுப்பின் மேல் இருந்தால் எடுக்க முயலவே கூடாது. பஞ்சுக்குச்சி, ஊசி, தீக்குச்சி, நாக்கு நுனி, எதுவும் வேண்டாம். அதை எடுக்க உருப்பெருக்கியும் நடுங்காத கையும் வேண்டும்.

மிகவும் எரிந்தால் சுத்தமான துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் ஐந்து நிமிடம் வைக்கலாம். கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தாங்க உதவும்.

கழுவியபின் உரசல் முழுவதும் நின்று, பார்வையும் பழையபடி வந்துவிட்டால், வெறும் தூசி; அதோடு விட்டுவிடலாம். ஒரு மணித்தியாலம் கழிந்தும் மணல் உணர்வு அப்படியே இருந்தால் டொக்டரிடம் காட்டவேண்டும்.

யார் தாமதிக்கக்கூடாது

லென்ஸ் போடுபவர், இலையோ நெல்லோ மரத்துண்டோ பட்டவர், சீனி வருத்தக்காரர், கண்ணில் முன்பு சத்திரசிகிச்சை செய்தவர், ஒரு கண்ணை மட்டும் நம்பியிருப்பவர், சின்னப் பிள்ளை: இவர்கள் எல்லோரும் அன்றே காட்டவேண்டும். சீனி நாள்பட்டவருக்குப் படலத்தின் உணர்வு மழுங்கியிருக்கலாம். காயத்துக்கு ஏற்ற வலி வராது, ஆறுவதும் மெதுவாக நடக்கும்.

லென்ஸ் போடுபவர்களைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரமான லென்ஸ் பெட்டியில் வளரும் இது கீறலுக்குள் புகுந்தால் ஒரே நாளில் படலத்தில் புண் வைத்துவிடும். லென்ஸைப் பைப்புத் தண்ணீரில் கழுவும் பழக்கம் இருந்தால் அகந்தமீபா என்ற இன்னொன்றும் சேரும். அதைக் கட்டுப்படுத்த மாதக்கணக்கில் மருந்து விடவேண்டியிருக்கும்.

இலை, தென்னோலை, நெல் பட்ட காயத்தில் வருவது பூஞ்சணம். இது வேகமாக வராது. முதல் சில நாள் குறைந்தது போலக்கூட இருக்கும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கருவிழியில் சாம்பல் வெள்ளையாக, ஓரம் இறகு போலப் பிரிந்த புள்ளி ஒன்று தோன்றும். வழக்கமான அன்டிபயோட்டிக் துளிக்கு அது அசையாது. நட்டமைசின் போன்ற பூஞ்சண மருந்து வேண்டும். அதனால் டொக்டர் கேட்காவிட்டாலும் "இலைதான் பட்டது" என்று நீங்களாகச் சொல்லுங்கள். சிகிச்சையின் போக்கே அந்த ஒரு வார்த்தையில் மாறும்.

கொழும்பில் எங்கே போவது

கொழும்பு 10, டீன்ஸ் வீதியில், லிப்டன் சுற்றுவட்டத்துக்குக் கிட்ட தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. கண்ணுக்கென்றே இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம். கண்ணில் மட்டும் காயம் என்றால் நேரே அங்கே போவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. தலையிலும் அடிபட்டிருந்தாலோ, வாகன விபத்து என்றாலோ முதலில் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு. கண் அதற்குப் பிறகு. பிள்ளைகளைப் பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் கொண்டுபோகலாம். கொண்டுபோக வாகனமும் ஆளும் இல்லாவிட்டால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்கும் காசு இல்லை.

தனியார் ஆஸ்பத்திரியில் கண் டொக்டரை சனல் பண்ணுவதில் தவறில்லை. ஆனால் கிடைக்கும் நம்பர் நாளை மறுநாளுக்கு என்றால் காத்திருக்கவேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடைகளில் கண்பார்வை சோதிப்பவர்கள் பவர் பார்க்கத்தான். கீறலை அவர்களிடம் காட்டி நேரத்தைப் போக்காதீர்கள்.

சொந்தமாக வாகனம் ஓட்டிக்கொண்டு போகவேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் தூரம் பிடிபடாது; கண் கூசும் நேரத்தில் காலி வீதி நெரிசலில் அது இன்னொரு விபத்தில் முடியும். போகும்போது பயன்படுத்திய துளிப் போத்தல், லென்ஸ் பெட்டி, வழமையாகக் குடிக்கும் மருந்துகளின் துண்டு ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள்

முதலில் பார்வையை அளப்பார்கள். பிறகு விறைப்புத் துளி ஒன்று விடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் வலி போய்விடும், அதுவரை மூடிக்கிடந்த கண் தானாகத் திறக்கும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து வலி திரும்பி வரும்போது "டொக்டர் ஏதோ செய்துவிட்டார்" என்று பயப்படவேண்டாம்; துளியின் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். விறைத்திருக்கும் நேரத்தில் கண்ணைக் கசக்கினால் கீறல் பெரிதாவது உங்களுக்கே தெரியாது.

அடுத்தது ஃபுளோரெசின் என்ற மஞ்சள் சாயம். சாயம் தோய்த்த சின்னக் கடதாசிக் கீற்றை நனைத்துக் கீழிமைக்குள் தொட்டு எடுப்பார்கள். நல்ல தோலில் சாயம் பிடிக்காது, உரிந்த இடத்தில் பிடிக்கும். நீல வெளிச்சம் அடித்ததும் கீறல் பளிச்சென்ற பச்சையில் அதன் முழு வடிவத்தோடும் தெரியும். அந்த வடிவம் நிறையச் சொல்லும். மேலிருந்து கீழாகப் பல நேர்கோடுகள் இருந்தால் மேலிமைக்கு அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு இமைப்புக்கும் கீறுகிறது. டொக்டர் இமையைப் புரட்டிப் பார்ப்பார். மரக்கிளை போலக் கிளைவிட்டிருந்தால் அது கீறலே அல்ல, ஹேர்பிஸ் வைரஸ் புண். சாயம் கண்ணீரோடு மூக்கு வழியாகவும் இறங்குவதால் அன்றைக்குக் கைக்குட்டையில் மஞ்சள் தெரியும். அதில் பயமில்லை.

இரும்புத் தூள் பதிந்திருந்தால் சில மணித்தியாலங்களிலேயே அதைச் சுற்றித் துருவளையம் பிடிக்கத் தொடங்கும். துணுக்கை எடுத்தபின்பும் அந்த வளையம் நின்றால் கண் ஆறாமல் சிவந்துகொண்டேயிருக்கும். ஆகையால் துருவையும் சுரண்டி எடுக்க அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ திரும்ப வரச் சொல்வார்கள். வலி இல்லை என்று அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

மருந்தும் அதை விடும் முறையும்

சாதாரணக் கீறலுக்குப் பெரும்பாலும் குளோரம்பெனிக்கோல் தருவார்கள்: 0.5 சதவீதத் துளி, அல்லது 1 சதவீதக் களிம்பு, நாளுக்கு நாலு தடவை, சில நாட்களுக்கு. இந்த அன்டிபயோட்டிக் கீறலை ஆற்றுவதில்லை. ஆறும்வரை கிருமி புகாமல் காக்கிறது. உங்களுக்கோ குடும்பத்திலோ எலும்பு மச்சையில் இரத்தம் ஊறாத நோய் இருந்திருந்தால் முதலே சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்கள். லென்ஸ் போடுபவர்களுக்குச் சூடோமோனாஸைக் கொல்லும் சிப்ரோஃப்ளொக்ஸசின், ஒஃப்ளொக்ஸசின் வகைத் துளி வேண்டும். மற்றவருக்குக் கொடுத்த போத்தலை இவர்கள் பங்குபோடக்கூடாது.

துளி விடும்போது: கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை இழுத்துப் பை போல ஆக்கி, அதற்குள் ஒரே ஒரு துளி. போத்தலின் நுனி இமையிலும் மயிரிலும் படக்கூடாது; பட்டால் போத்தல் முழுவதும் அழுக்காகும். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசப்பது நிற்கும், கண்ணிலேயே தங்கும். இரண்டு துளி கொடுத்திருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடவேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். துளியும் களிம்பும் என்றால் துளிதான் முதலில். களிம்பு அரை மணித்தியாலம்வரை பார்வையை மங்கலாக்கும் என்பதால் படுக்கப் போகும்போது போடுவது வசதி. ஒரு சென்ரிமீற்றர் நீளம் போதும். குளோரம்பெனிக்கோல் துளியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வையுங்கள். திறந்து நாலு கிழமை ஆன போத்தலில் மிச்சம் இருந்தாலும் வீசிவிடுங்கள்.

வலிக்குப் பனடோல்: வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. ஈரல் வருத்தம் இருப்பவர்களுக்கு அளவு குறைவு. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து டொக்டர் சொல்லுமளவு. இபுபுரோஃபன் நன்றாகக் கேட்கும்தான், ஆனால் கூடவே காய்ச்சல் இருந்தால் கொழும்பில் அதைத் தொடவேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும்.

கண்ணை மூடிக் கட்டுவதா? முன்பெல்லாம் கட்டித்தான் அனுப்புவார்கள். சாதாரணக் கீறலில் கட்டினால் வலியும் குறையவில்லை, வேகமாக ஆறவும் இல்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் மீளாய்வு காட்டியிருக்கிறது. லென்ஸ் காயத்திலும் இலை பட்ட காயத்திலும் கட்டுவது தீமை; மூடிய சூடும் ஈரமும் கிருமிக்கு வசதி. வீட்டில் பஞ்சு வைத்து நீங்களாகக் கட்டவேண்டாம்.

கையால் தொடக்கூடாதவை

விறைப்புத் துளி வீட்டுக்குக் கிடைக்குமா என்று பலர் கேட்பார்கள், சிலர் எப்படியோ வாங்கியும் விடுவார்கள். திரும்பத் திரும்ப விட்டால் மேல்தோல் வளர்வது நின்று, படலமே கரையத் தொடங்கும். வலி இல்லாததால் கரைவதும் தெரியாது. டொக்டரின் கையில் ஒரு தடவை, அதோடு சரி.

இதைவிட அதிகம் நடப்பது ஸ்டீரொயிட். "கண் சிவந்திருக்கு, ஏதும் துளி தாங்கோ" என்று கேட்டால், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கலந்த அன்டிபயோட்டிக் துளி கைக்கு வந்துவிடலாம். விட்ட ஒரு நாளில் சிவப்பும் எரிவும் குறையும், நல்ல மருந்து என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்கள். உள்ளே நடப்பது வேறு: ஆறுவது தாமதமாகும், பூஞ்சணமோ ஹேர்பிஸோ இருந்தால் தடையில்லாமல் பரவும். பெட்டியில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன், பீற்றாமெதசோன் என்று எது எழுதியிருந்தாலும் கண் டொக்டர் துண்டு எழுதாமல் விடக்கூடாது. பழைய துளி ஒன்று அலுமாரியில் கிடந்தால் இன்றைக்கே பெயரை வாசித்துப் பாருங்கள்.

கண்ணை வெள்ளையாக்கும் துளிகள் இரத்தக் குழாயைச் சுருக்கி அடையாளத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

தாய்ப்பால், பன்னீர், நந்தியாவட்டைப் பூ, தேன், விளக்கெண்ணெய். அம்மம்மா அன்பாகத்தான் சொல்வார், அவரோடு சண்டை போடத் தேவையில்லை. முழுத்தோல் இருக்கும் கண்ணில் ஒருவேளை இவை ஒன்றும் செய்யாமல் போகலாம். தோல் உரிந்த கண்ணில் கிருமியும் பூஞ்சணமும் நேரே சதைக்குள் போகும். வாயால் ஊதுவதும் எச்சில் கிருமியை ஊதுவதுதான். "டொக்டர் சொல்லும்வரை ஒன்றும் விடவேண்டாமாம், அம்மம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிர்ந்த துணியை அவர் கையில் கொடுங்கள், வைத்துவிடட்டும்.

நாளுக்கு நாள்

முதல் இரவுதான் கடினம். அடுத்த நாள் காலையில் வலி பாதியாகியிருக்கவேண்டும். இரண்டாம் நாள் வெளிச்சம் பார்க்கலாம். மூன்றாம் நாள் கலண்டர் எழுத்து பழையபடி தெரியவேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிடத் திசைதான் முக்கியம்: ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா?

குறைந்து வந்த வலி மறுபடி கூடினால், கண்ணீருக்குப் பதிலாகத் தடித்த மஞ்சள் பூளை வந்தால், கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பார்வை இறங்கினால், அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்துக்கொண்டிருக்காமல் அதே நாள் போங்கள். பெரிய கீறலையும் லென்ஸ் போடுபவரின் கீறலையும் எப்படியும் 24 மணித்தியாலத்தில் திரும்பக் காட்டவேண்டும்.

இந்த நாட்களில் முகத்துக்கு நேரே ஃபேன் வேண்டாம். இரவு முழுவதும் காற்று அடித்தால் படலம் காய்ந்து, புதுத்தோல் இமையில் ஒட்டும். கண்ணுக்கு மை, கடல் குளிப்பு, நீச்சல் தடாகம் எல்லாம் ஆறியபின். லென்ஸ் போடுவதற்கு முன் கண் முற்றாக ஆறி, மருந்து நிறுத்தியும் ஒரு கிழமை போகட்டும். பெட்டியையும் புதிதாக வாங்குங்கள்.

ஆறிய கண் மறுபடி கிழிவது

நகம், தாள், இலை கீறிய கண்களில் இது வரலாம். எல்லாம் சரியாகி வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்து, விடியற்காலையில் கண் விழித்த கணத்தில் அதே கூரான வலி. எதுவும் படவில்லையே என்று குழம்புவார்கள். மேல்தோல் இரண்டு நாளில் மூடினாலும் அடியிலுள்ள படையோடு அது இறுகப் பிணைய வாரக்கணக்கு, மாதக்கணக்குக்கூட ஆகும். தூக்கத்தில் காய்ந்த இமை அதில் ஒட்டியிருந்து, திறந்ததும் பிய்த்துக்கொண்டு போகிறது.

இதற்கு ஒரு தடவை டொக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பின் படுக்கும்போது மருந்தில்லாத கண் களிம்பு, இரண்டு மூன்று மாதம் விடாமல். விழித்ததும் கண்ணைத் திறக்காமல், மூடிய இமைக்குள் விழியை மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்து, மூலையில் செயற்கைக் கண்ணீர் ஒரு துளி விட்டு, பிறகு திறக்கவேண்டும். தலைமாட்டில் போத்தலை வைத்துக்கொண்டு படுத்தால்தான் இது நடக்கும். அப்படியும் திரும்பத் திரும்ப வந்தால் தோலை இறுக்க வேறு சிகிச்சைகள் இருக்கின்றன.

வேலைத் தலத்தில்

பஞ்சிகாவத்தைக் கராஜிலும் கட்டட வேலையிலும் கிரைண்டர் பிடிப்பவருக்கு வெறும் மூக்குக்கண்ணாடி போதாது. பொறி பக்கவாட்டில்தான் நுழையும். பக்கமும் மூடிய கொகிள்ஸ் வேண்டும், கிரைண்டரின் காவல் தகட்டையும் கழற்றக்கூடாது. பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுக்கும் பையனுக்கும் ஒன்று வேண்டும், அவனைத்தான் மறந்துவிடுவார்கள். கொகிள்ஸ் போட்டும் தூள் விழுகிறதே என்பவர்கள் அதைக் கழற்றும் விதத்தைப் பார்க்கவேண்டும்: தலைமயிரிலும் புருவத்திலும் தங்கிய இரும்புத்தூள் கழற்றும்போதுதான் கண்ணுக்குள் கொட்டுகிறது. வேலை முடிந்ததும் முன்னால் குனிந்து, தலையை உதறி, நெற்றியையும் புருவத்தையும் சுத்தமான துணியால் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொகிள்ஸைக் கழற்றுங்கள். கிரைண்டர் துடைத்த துணியால் முகத்தைத் துடைக்கவேண்டாம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் நகத்தைக் கிழமைக்கு ஒரு தடவையாவது, குளிப்பாட்டிய பிறகு மென்மையாக இருக்கும்போது வெட்டி, ஓரத்தை அராவி விடுங்கள். தூக்கி வைத்திருப்பவரின் கண்ணும் அதன் சொந்தக் கண்ணும் அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.